என்ன வேலை என்று கேட்காத பதிவேடுகள்

1980களில் வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவர்கள் பலரின் மேசையில் அச்சிட்ட அஞ்சலட்டைகள் இருந்தன. தட்டம்மை, இளம்பிள்ளை வாதம், மூளைக்காய்ச்சல் என்று குறித்துத் தரப்பட்ட நோய்களில் ஒன்று வந்திருக்கலாம் என்று ஒரு நோயாளியைப் பார்த்ததும் தோன்றினால் போதும். வயது, ஊர், நோய் ஆகியவற்றை எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிடலாம். அட்டைகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) வைரஸ் ஆய்வுத் துறையின் டி. ஜேக்கப் ஜான் குழுவுக்குப் போய்ச் சேரும். ஒரே பகுதியிலிருந்து ஒரே நோய்க்கு அடுத்தடுத்து அட்டைகள் வந்தால் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் போகும். மாதம் ஒருமுறை, எங்கே எந்த நோய் எத்தனை பேருக்கு என்று தொகுத்த செய்திமடல் ஒன்று மருத்துவர்களுக்குத் திரும்பி வரும். வட ஆற்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நதி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அரசு மருத்துவமனையோடு தனியார் கிளினிக்குகளையும் சேர்த்ததுதான் இந்த முறையின் முதல் பலம். காய்ச்சல் வந்தால் நம் மக்கள் முதலில் தெருமுனை டாக்டரிடம்தான் போகிறார்கள். அவரை விட்டுவிட்டு அரசுப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் பாதி நோய் கண்ணில் படாது. இரண்டாவது பலம் அந்தச் செய்திமடல். எழுதிப் போட்ட அட்டை என்ன ஆயிற்று என்று எழுதியவருக்கே தெரிந்தது. அடுத்த மாதமும் அவர் எழுதினார். 1998இல் லான்செட் இதழில் ஜேக்கப் ஜான் குழு இதைப் பற்றி எழுதியபோது, வளரும் நாடுகளுக்கான மாதிரி என்றே தலைப்பில் குறிப்பிட்டது. 1999இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் அதே முறையைத் தொடங்கியது. 2004இல் இந்திய அரசு நாடு தழுவிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என்று மூன்று மட்டத்திலிருந்து வாராந்திரப் படிவங்கள் போயின. 2021 ஏப்ரலில் அந்தப் படிவங்களின் இடத்துக்கு ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்ற இணைய அமைப்பு வந்தது. இப்போது ஒரு கிராமத்துக் காய்ச்சலைக் கைப்பேசியில் பதிவு செய்தால் டெல்லியில் வரைபடத்தில் புள்ளி தெரியும்.

அட்டை நடந்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகம் கூடியிருக்கிறது. இந்த வேகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வொரு நாளும் உயிர். ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. இத்தனை பதிவுகள் நடக்கும் இந்த மண்ணில், தோல் பதனிடும் கைகளுக்கும் ஷூ தைக்கும் கண்களுக்கும் என்ன நேர்கிறது என்று எந்தப் பதிவேடு சொல்கிறது?

இந்தப் பகுதிக்குப் பதிவு செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் சிஎம்சியின் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக நடத்திவரும் பதிவு முறை உலக அளவில் கவனிக்கப்பட்ட ஒன்று. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண் ஒருவரே பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர். யார் வீட்டில் கல்யாணம், யார் கர்ப்பம், எங்கே குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்வார். மேலே இருக்கும் சுகாதார உதவியாளர் அதைச் சரிபார்ப்பார், அதற்கும் மேலே செவிலியர், அதற்கும் மேலே மருத்துவர். நான்கு அடுக்கு. தகவல் 1980களின் பிற்பகுதியிலேயே கணினிக்குப் போய்விட்டது. அந்த மருத்துவர் அதே ஊர்களுக்கு நடமாடும் மருத்துவமனை வண்டியில் போகிறவர். பதிவில் எழுதியவரும் மருந்து எழுதுகிறவரும் ஒரே குழு.

அந்த முறையின் அருமை ஒரு துயரமான விஷயத்தில் வெளிப்பட்டது. ஒருவர் இறந்தால், வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பொறுமையாக விசாரித்து இறப்புக்கான காரணத்தை முடிவு செய்வது அங்கே வழக்கம். வாய்மொழி இறப்பாய்வு என்று அதைச் சொல்லலாம். 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளை அப்படி ஆராய்ந்து ஆபிரகாம் ஜோசப், ஜெயப்பிரகாஷ் முளியில், கே.எஸ். ஜேக்கப் ஆகியோர் அடங்கிய குழு 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பேரில் 95.2. அந்நாளில் நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் லட்சத்துக்கு 11ஐ ஒட்டியே இருந்தது. மறு ஆண்டு லான்செட்டில் வந்த கட்டுரை 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது: பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண்பிள்ளைகளில் 58. அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் இறப்பில் பாதிக்கு மேல் தற்கொலை.

நாட்டுக் கணக்கு காவல் நிலையத்திலிருந்து வருவது. வழக்கு, பிரேதப் பரிசோதனை, ஊர் வாய் என்ற அச்சத்தில் வீட்டார் வயிற்றுவலி என்று சொல்லி எரித்துவிட்டால் அது அந்தக் கணக்கில் ஏறாது. ஊர்ப் பெண்ணுக்கோ உண்மை தெரியும். தெரிந்ததைச் சொல்வதால் வீட்டாருக்குத் தொல்லை வராது என்றும் தெரியும். கணியம்பாடியின் எண்ணுக்கும் நாட்டின் எண்ணுக்கும் இருந்த தூரத்தை எந்த மென்பொருளும் உண்டாக்கவில்லை. யார் கேட்கிறார், பதில் சொன்னால் என்ன ஆகும் என்ற இரண்டும்தான் உண்டாக்கின. சுகாதாரத் தரவு பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் இதுதான்.

இனி தோல் பகுதிக்கு வருவோம். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக வளர்ந்த இந்தத் தொழில் முதலில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி இருந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பு பரவியது. மாதக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், முழு வேலையிலும் 170 வகை வேதிப்பொருள்கள் என்று பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிட்டது. அது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கை அது எடுத்துக்காட்டியது. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் ஊர் ஊராகச் சென்று 2001 மார்ச்சில் 186 கிராமங்களில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது.

அது பெரிய வேலை, செய்தவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் இருந்தது நிலம். நிலத்துக்குச் சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, கிணற்று நீரை எடுத்துச் சோதிக்கலாம். நிலமில்லாமல் டேனரிக்குள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவரின் கால் தோலுக்கு எந்தச் சர்வே எண்ணும் இல்லை. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீர் எவ்வளவு, எப்படி என்று அளக்கும் கருவிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீருக்கு இருபத்துநாலு மணிநேரக் கண்காணிப்பு கிடைத்துவிட்டது. அதே வேதிப்பொருளைத் தொடுகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களைப் பட்டியலிட்டது. குரோமியப் புண் அதில் இருந்தது. கால்நடைத் தோலைக் கையாள்வோருக்கு வரக்கூடிய அடைப்பான் நோய் இருந்தது. தொடுவதால் வரும் தோல் அழற்சியும் இருந்தது. 89ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட நோயாளியைப் பார்க்கும் எந்த மருத்துவரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கடமையை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்த மருத்துவர் எழுதுவார்? வாணியம்பாடியில் கையில் வெடிப்போடு வருகிறவருக்குக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பும் டாக்டருக்கு, அந்தக் கடிதத்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. பதில் கடிதம் வராது. செய்திமடலும் வராது. கம்பெனியில் ஆய்வு நடந்தால் முதலில் வேலை போவது நோயாளிக்கு என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

இறப்பு நேர்ந்தால் மட்டும் தோல் தொழிலாளி பதிவாகிறார். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். கழிவுத் தொட்டிக்குள் இறங்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி இறப்பவர்கள் செய்தியில் வருகிறார்கள், காவல் நிலையத்தில் விபத்தாக எழுதப்படுகிறார்கள். சுகாதாரத் துறையின் கணினியில் அவர்களுக்குப் பொதுவான தலைப்பு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் இன்றைய சுகாதாரக் கணினி அமைப்புகள் சாதாரணமானவை அல்ல. ஆம்பூரை அடுத்த ஊரிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் இளம்பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கர்ப்பமானதும் கிராம சுகாதாரச் செவிலியர் 'பிக்மி' தளத்தில் பதிவு செய்து 12 இலக்க எண் தருகிறார். அந்த எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அதே எண் வேண்டும். கம்பெனியில் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண் 10 இலக்கம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 'ஆபா' எண் 14 இலக்கம். ஒருமுறை சிஎம்சிக்குப் போயிருந்தால் அந்த மருத்துவமனையின் எண் தனி. இந்த நாலு எண்களுக்குப் பின்னால் எங்கேனும் அவருடைய வயது இருக்கிறது, ரத்தவகை இருக்கிறது, குழந்தையின் எடை இருக்கிறது. வேலை என்று ஒரு கட்டம் இருக்கும் இடத்திலும் 'கூலி' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். பசை தடவும் மேசையிலா, தையல் மிஷினிலா, தோலுக்கு நிறம் அடிக்கும் கூடத்திலா என்று கேட்பவர் இல்லை. பேறுகாலம் முழுதும் அவர் கரைப்பான் வாசனையில் நின்றாரா என்பது, தாய்சேய் நலத்துக்கென்றே எழுப்பிய தளத்துக்குத் தெரியாது.

இந்த நாலில் ஈஎஸ்ஐ ஒன்றில்தான் நோயும் இருக்கிறது, கம்பெனியும் இருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஆனால் அது சந்தாவையும் செலவையும் தீர்ப்பதற்குக் கட்டிய அமைப்பு. எந்த வகைப் பட்டறையிலிருந்து எத்தனை பேர் இருமலோடு வந்தார்கள் என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவரும், ஒப்பந்தக்காரர் பட்டியலில் பெயரில்லாதவரும் அதற்கு வெளியே. வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்களும் வெளியே. ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் நிறையப் பேர். கழுத்தும் தோளும் கண்ணும் போவது அவர்களுக்குத்தான்.

எல்லைக்கோடுகளும் சேர்ந்துகொள்கின்றன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. பேரணாம்பட்டு வேலூரில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். நிர்வாகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் பேரணாம்பட்டில் குடியிருந்து ஆம்பூரில் வேலை செய்கிறவரின் நோய் ஒரு மாவட்டத்தில் பதிவாகிறது, அதன் காரணம் இன்னொரு மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டு முகவரியை அச்சாணியாக வைத்துக் கட்டிய எந்தக் கணினி அமைப்பும் இந்த இரண்டையும் தானாகச் சேர்க்காது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கைப்பேசியில் ஏற்றுகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. பகலில் வீட்டைத் தேடிப் போனால் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டவர் கிடைக்கமாட்டார் என்பதை அரசே உணர்ந்துதான் 2024 தொடக்கத்தில் தொழிலாளரைத் தேடி வேலையிடத்துக்கே போகும் திட்டத்தைச் சேர்த்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய திருத்தம். ஆனால் வேலையிடத்துக்குப் போன பிறகும் பார்ப்பது பெரும்பாலும் அதே ரத்த அழுத்தம், அதே சர்க்கரை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அந்த வேலையால் வரும் நோயைக் கேட்காமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

என்ன வேலை என்ற கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இஸ்தான்புல்லில் ஒரு சான்று உண்டு. முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர், தம்மிடம் ரத்தப் புற்றுநோயோடு வருகிறவர்களில் காலணித் தொழிலாளர்கள் அடிக்கடி இருப்பதைக் கவனித்தார். அவர்கள் பென்சீன் கலந்த பசையை, காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் பயன்படுத்தியவர்கள். நகரத்தில் அந்தத் தொழிலில் இருந்த 28,500 பேரில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்ததை 1974இல் அவர் வெளியிட்டார். பென்சீனுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. கணினி இல்லாமல் நடந்தது அது. மருத்துவர் கேட்டார், எழுதிவைத்தார், எண்ணினார். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் தொழில் நோய்கள் பற்றி எழுதிய நூலில், தோல் பதனிடுவோரையும் சேர்த்துப் பல தொழில்களை ஆராய்ந்து, நோயாளியிடம் அவர் தொழிலைக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லி முந்நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன.

கேட்டதைப் பயன்படுத்துவது அடுத்த படி. தான்சானியாவின் ரூஃபிஜி, மொரொகோரோ மாவட்டங்களில் 1990களில் ஒரு திட்டம் நடந்தது. ஊர்களில் மக்கள் உண்மையில் எதனால் இறக்கிறார்கள் என்ற கணக்கை மாவட்ட அதிகாரிகள் கையில் கொடுத்து, பணத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். மலேரியாவுக்குச் சாவில் இருந்த பங்கு வரவுசெலவில் இல்லை என்று தெரிந்தது, மாற்றினார்கள். சில ஆண்டுகளில் குழந்தை இறப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நம் கண்முன் இருக்கிறது. காசநோய் என்று தெரிந்த அன்றே செவிலியர் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்: உடல் மிக மெலிந்திருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகம் 24க்கு மேலா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94க்குக் கீழா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. தேறாதவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். முதலில் காகிதத்தில் நிரப்பினார்கள், பின்னர் இணையச் செயலியில் ஏற்றினார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும் செவிலியருக்கு, தாம் எழுதுவதால் இந்த மனிதருக்கு இன்று மாலைக்குள் கட்டில் கிடைக்கும் என்று தெரியும். பல தளங்களில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப ஏற்றிக் களைத்துப்போகும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. மேலிடத்தின் விழுக்காட்டுக்காகவே எழுதுகிறோம் என்ற அலுப்பு அவருடைய தவறல்ல.

தோல் பகுதிக்கு நான் கேட்பது புதிய தளம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் புறநோயாளி பதிவில் மூன்று கேள்விகள்: என்ன வேலை, எந்தக் கூடத்தில், எத்தனை ஆண்டாக. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஈஎஸ்ஐ மருந்தகங்கள், விருப்பமுள்ள தனியார் தோல் மருத்துவர்கள் எல்லோரும் இந்த மூன்றையும் கேட்டு, தோல் அழற்சி, ஆறாத புண், நாள்பட்ட இருமல், மரத்துப்போகும் கைகால் ஆகிய நான்கை மட்டும் தெரிவித்தால் போதும். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து மாதம் ஒரு பக்கம் வெளிவர வேண்டும். அது தெரிவித்த மருத்துவருக்கும் தொழிற்சங்கத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் போக வேண்டும். பாலாற்று மாசு வழக்கில் 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புத் தந்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. ஆற்று நீரின் அறிக்கையோடு அந்த ஒரு பக்கத்தையும் அக்குழு வாங்கிப் பார்க்கலாம்.

ஒரு காவல் இதில் கட்டாயம். கம்பெனியின் பெயரும் தொழிலாளியின் பெயரும் ஒரே வரியில் இருக்கும் பதிவு நிர்வாகத்தின் கையில் கிடைத்தால், மறுநாள் முதல் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பற்றிப் பேசுகிறது. ஆனால் வேலை கொடுத்தவர் நீட்டும் படிவத்தில் தொழிலாளி போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. பெயர் சுகாதாரத் துறைக்குள் நிற்கட்டும். வெளியே போவது கூடத்தின் வகையும் எண்ணிக்கையும் மட்டும் ஆகட்டும். ஆய்வாளர் ஒரு கம்பெனிக்குப் போகும்போது அந்த வகைக் கூடங்கள் உள்ள பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சேர்த்தே போனால், யார் சொன்னார் என்ற தேடல் தொடங்காது.

முதலில் சேர்க்க வேண்டியவர்கள் வீட்டில் தைக்கும் பெண்கள். அவர்களை எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் தேட வேண்டாம். எந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் ஷூ மேல்தோல் மூட்டைகள் இறங்குகின்றன என்பது அந்தப் பகுதியின் சுகாதாரச் செவிலியருக்கும் தன்னார்வலருக்கும் இன்றே தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கும் அதே நடையில் கண்ணையும் விரலையும் கழுத்தையும் பார்க்க அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, அதற்கான நேரத்தையும் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கொடுத்தால் ஆம்பூரில் வேலையைத் தொடங்கிவிடலாம்.